பல்லிக்கு விஷம் இல்லை என்று அடித்துச் சொல்வேன்

வாடகை வீட்டில் குட்டிப் பல்லிகள் ஓயாமல் வருகின்றன, அவற்றுக்கு விஷம் உண்டா, எப்படி விரட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் இருக்கும் பதற்றத்தைப் பார்த்தால் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் முதல் வேலையாக, பல்லிக்காக நாப்தலீன் உருண்டைகள் (பாச்சை உருண்டை) வாங்கி வைத்திருந்தால் வெளியே எறியுங்கள். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையின் நெடி இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடலாம். குறைபாடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. பல்லி இவ்வளவு கெடுதல் செய்யாது.

பல்லிக்கு விஷம் இல்லை. நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற எந்தப் பல்லிக்கும் இல்லை. விஷம் உள்ள, கிலா என்னும் பெரிய பல்லி போன்ற இனங்கள் இருப்பது மெக்சிகோ, அமெரிக்கா பக்கம். வாசல்படியில் பளபளவென்று நெளிந்து போகும் அரணைக்கும் விஷம் கிடையாது. நாங்கள் செங்கோட்டைக்காரர்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் என்பதால் மலைக்கு அந்தப் பக்கத்து நம்பிக்கைகளும் எங்களிடம் உண்டு. புனலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் மதினி, "அரணை கடித்தால் உடனே மரணம்" என்ற மலையாளப் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை முற்றத்தில் இறங்க விடமாட்டார். அரணை கடித்துச் செத்தவர் யார் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். ஒரு சாரல் காலத்தில், மதியம் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, ஒரு பையனின் தட்டில் சாம்பாரோடு செத்த குட்டிப் பல்லி விழுந்தது. அந்த நொடியே பரிமாறுவதை நிறுத்தினோம். பாத்திரத்தோடு கொட்டினோம். அதற்குள் ஒரு பிள்ளை வாந்தி எடுக்க, அதைப் பார்த்து இன்னும் பல பிள்ளைகள் எடுத்தார்கள். அன்று தட்டில் கையே வைக்காத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள் என்பதை நான் யாரிடமும் உரக்கச் சொல்லத் தயார். மருத்துவமனையில் பரிசோதித்த மருத்துவர், "பல்லியில் விஷம் இல்லை, பிள்ளைகள் பயந்திருக்கிறார்கள், இரவு மட்டும் இங்கே இருக்கட்டும்" என்றார். மறுநாள் காலையில் எல்லாரும் நலமாக வீடு திரும்பினார்கள். ஆனால் அதற்கு முந்தைய மாலையே "விஷ சாம்பார்" என்று செய்தி ஓடிவிட்டது.

எனக்குக் குறிப்பாணை வந்தது. சமையல் உதவியாளரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கணவரை இழந்தவர், கை சுத்தமானவர், ஒரு மிளகாயைக்கூடக் காம்பு பார்க்காமல் போடமாட்டார். சமையலறை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது, வலை அடித்துத் தாருங்கள் என்று நான் எழுத்தில் கேட்டிருந்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டம் இது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எங்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம்தான், மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ள முழுமையான காலமுறை ஊதியம் இல்லை. பழி சுமத்தும்போது மட்டும் நாங்கள் முழு அரசு ஊழியர்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

பல்லி விழுந்த உணவைச் சாப்பிடலாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். கொட்டத்தான் வேண்டும். பல்லியின் குடலிலும் கழிவிலும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரலாம். கிருமிக்குச் சோப்பும் மூடியும் போதும். விஷம் என்று கூச்சலிட்டால் ஒரு ஏழைப் பெண்ணின் வேலைதான் போகும். கறுப்பாக, ஒரு முனையில் வெள்ளையாகக் கிடப்பது பல்லியின் கழிவு. காய்ந்ததைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரத் துணியால் எடுத்து, சோப்பு நீரால் துடையுங்கள். குழந்தை தவழும் தரையென்றால் தினமும் பாருங்கள்.

குட்டிகளாகவே வருகின்றன என்றால் முட்டை உங்கள் வீட்டிலேயே பொரிகிறது. காலண்டருக்குப் பின்னால், பீரோவின் முதுகுப்புறம், ஜன்னல் சட்டத்து இடுக்கு ஆகிய இடங்களில் தேடுங்கள். பட்டாணி அளவில் வெள்ளையாக, பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். கிடைத்தால் ஒரு டப்பாவில் எடுத்து வெளியே மரப்பொந்தில் வைத்துவிடுங்கள்.

பல்லி வருவது பூச்சிக்காக, பூச்சி வருவது விளக்குக்காக. எங்கள் ஊரில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் ஈசல் கிளம்பினால் டியூப் லைட்டைச் சுற்றிப் பல்லிகளின் கூட்டமே கூடும். இரவில் வாசல் விளக்கை அணைத்து வையுங்கள். அணைக்க முடியாவிட்டால் வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் பல்பு போடுங்கள், பூச்சி குறையும். முட்டை ஓடு, மயிலிறகு இரண்டையும் எங்கள் சமையலறையில் தொங்கவிட்டுப் பார்த்தோம். முட்டை ஓட்டின் மேலேயே பல்லி உட்கார்ந்திருந்தது.

பசை அட்டை வாங்காதீர்கள். ஒட்டிக்கொண்ட பல்லி தோல் கிழிந்து, பசியில் மெல்லச் சாகும். அந்தக் கொடுமையைக் குழந்தை இருக்கும் வீட்டில் செய்ய வேண்டாம். உள்ளே வந்துவிட்ட குட்டியைச் சுவரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடுங்கள். வாலைப் பிடித்தால் வால் மட்டும் கையில் துடிக்கும்.

வாடகை வீடு என்பதால் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காமல் போகலாம். ஜன்னல் சட்டத்தில் ஒட்டுகிற வெல்க்ரோ பட்டையோடு கொசுவலை விற்கிறார்கள். அதை ஜன்னலை அளந்து வாங்குங்கள். கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சுவரில் குழாய் நுழையும் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்துத் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு. அதை எழுத்தில் கேட்டு, ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.