குழாய் பெருத்தால் எடை குறையும்: பாஹா காருக்குச் சேஸிஸ் தேர்வு

கேள்வி: கோவைப் பகுதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் அணி, மாணவர்கள் தாங்களே கார் கட்டி ஓட்டும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்கு மண் தடத்தில் ஓடும் கார் கட்டுகிறது. சென்ற ஆண்டு சீனியர்கள் 1 அங்குல விட்டம், 3 மி.மீ. சுவர் உள்ள சாதாரண எஃகுக் குழாயில் கட்டிய சேஸிஸ் (காரின் சட்டகம்) மிகவும் கனமாக இருந்தது. இம்முறை அதே 1 அங்குலத்தில் 1.65 மி.மீ. குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) வாங்கலாம் என்கிறார்கள் பாதிப் பேர். அலுமினியம் போடலாம் என்கிறார்கள் மீதிப் பேர். எடை குறைய வேண்டும், ஓட்டுபவருக்கு ஆபத்தும் வரக்கூடாது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டுமே வேண்டாம். அலுமினியத்தை உடனே ஒதுக்கிவிடலாம். கார் உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் எஃகில்தான் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. விதியை விடுங்கள், அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். 6061 போன்ற அலுமினியக் கலவைகளை வெல்டிங் செய்தால் மூட்டை ஒட்டிய பகுதி வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடும். கார் உருளும்போது அடி விழுவதும் அந்த மூட்டுகளில்தான்.

குரோமோலி விஷயத்தில் உங்கள் நண்பர்கள் பாதி சரி. குரோமோலியில் வழக்கமாக வாங்கும் ரகமான 4130 நல்ல எஃகு. ஆனால் அது சாதாரண எஃகைவிட இலேசானது என்ற எண்ணம் தவறு. இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றுதான், கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகமும் ஒன்றுதான், சுமார் 205 ஜிகாபாஸ்கல். குரோமோலியில் கூடுவது குழாய் நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை, அதாவது ஈல்டு வலிமை மட்டுமே. எவ்வளவு எளிதில் நெளிகிறது என்பதில் இரண்டும் சமம். ஆகவே விலை உயர்ந்த எஃகை வாங்கி அதே அளவில் வைத்தால் ஒரு கிராம்கூடக் குறையாது. சுவரை மெலிதாக்கினால் எடை குறையும், ஆனால் விறைப்பும் சேர்ந்து இறங்கும்.

விதி இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. ரோல் கேஜின் முக்கியக் குழாய்களான முதன்மைக் குழாய்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 1 அங்குல விட்டமும் சுமார் 3 மி.மீ. சுவரும் கொண்ட எஃகுக் குழாய். மற்றொன்று, வளைவு விறைப்பிலும் (நெளியாமல் நிற்பது) வளைவு வலிமையிலும் (நிரந்தரமாக வளையாமல் தாங்குவது) அதை மிஞ்சும் வேறு எந்த எஃகுக் குழாயும். இரண்டாவது வழியில் சுவர் 1.57 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எந்த வழியானாலும் எஃகில் கார்பன் 0.18 சதவீதமாவது இருக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25.4 மி.மீ. விட்டம், 3.05 மி.மீ. சுவர் என்றால் மீட்டருக்கு 1.68 கிலோ. வளைவு விறைப்பு சுமார் 2,790 நியூட்டன் சதுர மீட்டர். ஈல்டு வலிமையை 365 மெகாபாஸ்கல் என்று கொண்டால் வளைவு வலிமை சுமார் 391 நியூட்டன் மீட்டர். இது அளவுகோல்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் குழாயின் விட்டம் அதே 25.4 மி.மீ., சுவர் 1.65 மி.மீ. விறைப்பு சுமார் 1,790. அளவுகோலில் 64 சதவீதம்தான். உலகின் மிக வலிமையான எஃகைக் கொண்டுவந்தாலும் இந்த எண் ஏறாது, ஏனென்றால் இதில் ஈல்டு வலிமைக்கு இடமே இல்லை. பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது விட்டத்தை மட்டும் 31.75 மி.மீ. ஆக்குங்கள், அதாவது ஒன்றேகால் அங்குலம். சுவர் அதே 1.65. விறைப்பு 3,630க்கு ஏறுகிறது. 435 மெகாபாஸ்கல் ஈல்டு உள்ள 4130 என்றால் வலிமை 485க்கு மேல். எடை மீட்டருக்கு 1.225 கிலோ. விறைப்பு 30 சதவீதம் கூடியிருக்கிறது, எடை 27 சதவீதம் குறைந்திருக்கிறது. முதன்மைக் குழாய் 15 மீட்டர் என்றால் ஏறக்குறைய 7 கிலோ மிச்சம். எஃகு குழாயின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்கு வளைவை எதிர்க்கிறது. எடை குறைப்பின் ரகசியம் முழுவதும் இதுதான். அமெரிக்காவின் மண் தட ஸ்பிரிண்ட் கார்களிலும் 1.5 அங்குல விட்டமுள்ள, ஏறத்தாழ 2.4 மி.மீ. சுவர் கொண்ட குரோமோலிக் குழாய்கள் பயன்படுவதைக் காணலாம். இங்கே பரிந்துரைப்பதைவிடச் சுவர் தடிப்புதான், ஆனால் அங்கே கார் பெரிது, வேகம் அதிகம். விட்டத்தை நம்பும் வழி மட்டும் அதேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஒன்றேகால் அங்குலக் குழாய் தேர்ச்சி பெற ஈல்டு வலிமை சுமார் 351 மெகாபாஸ்கல் இருந்தாலே போதும். நல்ல குளிர் இழுப்புக் கார்பன் எஃகே (சூடாக்காமல் இழுத்து உறுதியாக்கிய சாதாரண எஃகு) அதைத் தொட்டுவிடும். பணம் குறைவான அணிக்கு இது பெரிய செய்தி. ஆனால் குளிர் இழுப்பில் கிடைத்த வலிமை வெல்டிங் சூட்டில் மூட்டருகே கரைந்துவிடும். நார்மலைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட 4130 அந்த இடத்தில் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கையில் பணமும், மெல்லிய குழாயில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் மின்வில் எழுப்பிச் செய்யும் வெல்டிங்) பழகிய ஆளும் இருந்தால் நான் 4130ஐத்தான் சொல்வேன். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் கார்பன் எஃகு போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதை வாங்கினாலும் எஃகில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஆலைச் சான்றிதழை வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். கார்பன் எஃகு ரகமான 1018 என்று கேட்டு வாங்கும் அணிகள் இங்கேதான் மாட்டுகின்றன. அந்த ரகத்தில் கார்பன் 0.15 முதல் 0.20 சதவீதம் வரை இருக்கலாம். உங்கள் கைக்கு வந்த கட்டு 0.16 என்றால் பெயர் சரி, குழாய் செல்லாது. 1020 என்றால் 0.18இல் தொடங்குகிறது. 4130இல் 0.28க்கு மேல், கவலையே இல்லை. சுவர்த் தடிப்பையும் வெர்னியர் வைத்து நீங்களே பல இடங்களில் அளந்துவிடுங்கள்.

அடுத்து வடிவம். விறைப்பான குழாயை வாங்கி அதன் நடுவில் ஷாக் அப்சார்பரை மாட்டினால் வாங்கியதெல்லாம் வீண். சஸ்பென்ஷனின் ஒவ்வொரு பிடியும் குழாய்கள் சந்திக்கும் முனையில், அல்லது முனைக்கு ஒட்டி அமைய வேண்டும். முனையில் விழும் விசை குழாயை இழுக்கும் அல்லது அழுத்தும். நடுவில் விழும் விசை வளைக்கும், மெல்லிய குழாய் தாங்காதது அதைத்தான். முதலில் சஸ்பென்ஷன் புள்ளிகளைக் குறியுங்கள், பிறகு அவற்றை இணைக்கும்படி குழாய்களை வரையுங்கள். பெரும்பாலான மாணவர் அணிகள் அழகான சேஸிஸை வரைந்துவிட்டுக் கடைசியில் சஸ்பென்ஷனுக்கு இடம் தேடுகின்றன. கனமான கார்கள் அப்படித்தான் பிறக்கின்றன, நடுவில் மாட்டிய ஒவ்வொரு பிடிக்கும் ஒரு துணைக்குழாய் சேர்ந்துகொண்டே போகும். நாற்கரமாக நிற்கும் கட்டங்களில் மூலைவிட்டம் ஒன்று போட்டு முக்கோணமாக்குங்கள். முதன்மைக் குழாயின் நேர்ப் பகுதி முனைக்கு முனை 1,016 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் இதைச் சார்ந்ததே.

கணினியில் மோதலைச் சோதிக்கும்போது 4ஜி விசை (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) போதும் என்று யாரோ எழுதியதை அப்படியே எடுத்தாளாதீர்கள். ஓட்டுபவருடன் 250 கிலோ உள்ள கார் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போய் மோதி, 1 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்றால் சராசரி எதிர்முடுக்கம் 8ஜி. 30 செ.மீ.யில் நின்றால் 26ஜிக்கு மேல், விசை 65 கிலோநியூட்டன். மண்மேட்டில் இடிப்பதும் மரத்தில் இடிப்பதும் ஒன்றல்ல என்பது இந்த இரண்டு எண்களில் தெரிகிறது. எந்த நிறுத்தத் தூரத்தை எடுத்துக்கொண்டீர்கள், ஏன் என்று அறிக்கையில் எழுதுங்கள். முடிவைப் பார்க்கும்போது தகைவு அதிகமுள்ள இடத்தைக் காட்டும் சிவப்பு நிறம் எங்கே என்பதோடு, குழாய் எந்தப் பக்கம் நெளிகிறது என்றும் பாருங்கள். தலைக்கவசத்தைச் சுற்றி 6 அங்குலம், உடலைச் சுற்றி 3 அங்குலம் இடைவெளி வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்கள் அணியின் மிக உயரமான ஓட்டுநரை உட்காரவைத்து அளந்தால்தான் அந்த இடைவெளி உண்மை. எடைக்காக இதில் ஒரு மில்லிமீட்டரும் கடன் வாங்காதீர்கள்.

எடை தேடினால் கிடைக்கும் இடம் வேறு. பிடித் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 100க்கு 60 மி.மீ. அளவில் 6 மி.மீ. தடிப்புள்ள ஒரு தகடு 280 கிராம். 3 மி.மீ. தகட்டில் ஓரத்தை மடித்துச் செய்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். அப்படி 30 தகடுகள் மாறினால் 4 கிலோவுக்கு மேல் போய்விடும். இருக்கைக்குப் பின்னால் இயந்திரத்தையும் கியர்பாக்ஸையும் நெருக்கி வைத்தால் பின்பகுதிக் குழாய்கள் குட்டையாகும். முதன்மைக் குழாய்களுக்குத் துணையாக வரும் இரண்டாம் நிலைக் குழாய்களில் 0.89 மி.மீ. சுவர் வரை விதி அனுமதிக்கிறது, ஆனால் சஸ்பென்ஷன் விசை வரும் இடத்தில் அவ்வளவு மெலிதாகப் போக வேண்டாம்.

வெல்டிங்கில் அவசரம் கூடாது. குழாய் முனைகளை மீன்வாய் வடிவில் வெட்டி, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருத்துங்கள். இடைவெளியைக் கம்பியால் நிரப்பும் மூட்டு மெல்லிய குழாயில் நிற்காது. முழுச் சட்டகத்தையும் ஜிக்கில் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் தாங்கி) பிடித்து டேக் (சிறு புள்ளி வெல்டு) வைத்த பிறகே முழு வெல்டிங், அதுவும் இடமும் வலமும் மாற்றி மாற்றி. 4130க்கு ஈ.ஆர்.70எஸ்-2 கம்பி நன்றாக வேலை செய்யும். சூடான மூட்டில் தண்ணீர் ஊற்றினால் அது உடையும் எஃகாகிவிடும், தானாக ஆறட்டும். வெல்டை அழகுக்காகக் கிரைண்டரில் தேய்ப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள், தேயும் பொருள் ஓட்டுபவரின் பாதுகாப்பு.

குழாய்க்கு ஆர்டர் கொடுக்கும்முன் 2 மீட்டர் மட்டும் வாங்குங்கள். உங்கள் வெல்டரை அதில் மாதிரி மூட்டுகள் போடச் சொல்லுங்கள். போட்டிக்கும் இதே குழாயில் போட்ட மாதிரிகள் தேவைப்படும். ஒன்றை இழுத்து உடையுங்கள், ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். குழாய் கிழிந்து மூட்டு நின்றால் மீதியை வாங்கலாம். மூட்டு பிரிந்தால் வெல்டிங்கைச் சரிசெய்து மறுபடி போட்டுப் பாருங்கள், அதுவரை குழாய் கடையிலேயே இருக்கட்டும்.