முதல் கோல்ஃப் ஜிடிஐ வெறும் 5,000 கார்தான் தயாரானதா?

இல்லை, 5,000 என்பது ஃபோக்ஸ்வாகன் தன் கோல்ஃப் காரின் வேகமான வகையான ஜிடிஐக்கு முதலில் போட்ட திட்டம் மட்டும்தான். 1975 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, 1976இல் ஜெர்மனியில் விற்பனைக்கு விட்டார்கள். 1983 வரை முதல் தலைமுறையில் மட்டும் 4,60,000க்கும் மேல் உருவாகிவிட்டன. காரணம் எளிது: 800 கிலோ சொச்சம் எடையுள்ள குடும்பக் காரில் 110 குதிரைத்திறன் தரும் 1.6 லிட்டர் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். 1979இல் ஐந்து கியர் வந்தது, அப்புறம் 1982இல் 1.8 லிட்டர், திறன் 112தான், ஆனால் இழுக்கும் சக்தி கூடியது, ஓட்ட எனக்குப் பிடித்தது இதுதான்.

உள்ளே கட்டம்போட்ட சீட் துணி, கோல்ஃப் பந்து மாதிரியே குழிகளோடு கியர் குமிழ். இரண்டும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை, அவர் பெயரைச் சொல்லாமல் இந்தக் காரைப் பற்றிப் பேசக் கூடாது.