சந்து திறக்கவில்லையா, ஓடியவர் பார்க்கவில்லையா?

வணக்கம் சார்,

உங்கள் விளையாட்டுக் கட்டுரைகளைத் தவறாமல் படிக்கிறேன். பதினேழு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அமெரிக்கன் ஃபுட்பால் என் பையன் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பத்தாம் வகுப்பு படிக்கிறான், பள்ளி அணியில் லெஃப்ட் கார்டு. ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடவே மாட்டான். எதிரே நிற்பவனை முட்டித் தள்ளுவதுதான் அவன் வேலை.

இந்த சீசனில் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி. எங்கள் ரன்னிங் பேக் போன வருடம் ஊரே கொண்டாடிய பையன். இப்போது பந்தை வாங்கிய இடத்திலேயே விழுகிறான். கேலரியில் இருக்கும் பெற்றோர்கள் "லைன் என்ன பண்ணிக்கிட்டிருக்கு" என்று கத்துகிறார்கள். வேறு சிலர் அந்தப் பையனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது, வேகம் போய்விட்டது என்கிறார்கள். ஆட்டம் முடிந்து காரில் ஏறினால் வீடு வரும்வரை என் மகன் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் மட்டும், "நான் சரியாத்தான் பண்ணேன்னு நினைக்கிறேன்ப்பா, ஆனா தெரியல" என்றான்.

நான் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி இங்கே தடுமாறியபோது, அவர் கதை முடிந்தது என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். பிறகு பிலடெல்பியாவுக்குப் போய் அவர் ஆடியதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். அப்படியென்றால் லைன்தான் எல்லாமா? எதை வைத்துத் தீர்மானிப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகன் "தெரியல" என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் காலமெல்லாம் கோச்சாக இருந்தவர்கள்கூட, ஆட்டம் முடிந்த கையோடு லைனைப் பற்றிக் கேட்டால், வீடியோ பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்பார்கள். மைதானத்தின் ஓரத்திலேயே நின்றவருக்குத் தெரியாதது கேலரியில் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? நம் கண் பந்தின் பின்னால் போய்விடுகிறது. தேர் பார்க்கப் போகிறவர்கள் சாமியைத்தான் பார்ப்பார்கள். சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த ஆட்டம் பழக்கமில்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம்: பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். பந்தை வாங்கி ஓடுபவர் ரன்னிங் பேக். அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர்தான் லைன்: நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டாக்கிள்கள். இவர்கள் எதிராளிகளை முட்டி நகர்த்தி நடுவே ஒரு சந்து திறந்துவிட, பேக் அதில் நுழைந்து ஓடுவார். ஓட்டத்துக்கு நான்கு யார்டுக்குச் சற்று மேல் கிடைத்தால் சராசரி. ஐந்து கிடைத்தால் பிரமாதம்.

நீங்கள் பார்க்லியைச் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2020 செப்டம்பர் 14. உங்கள் ஊர்ப் பக்கம் ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில், மெட்லைஃப் மைதானம். கொரோனா காலம், கேலரியில் ஆளே இல்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிராகப் பார்க்லி 15 முறை பந்தை வாங்கி ஓடினார். மொத்தமாகக் கிடைத்தது 6 யார்டு. அன்று ராத்திரி எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. மறுநாள் அதே ஆட்டத்தைப் போட்டு, பந்தை விட்டுவிட்டு லைனை மட்டும் பார்த்தேன். பந்து கைக்கு வந்து இரண்டடி வைப்பதற்குள் ஒரு ஸ்டீலர்ஸ் ஆள் அவர் இடுப்பைப் பிடித்திருந்தார். அடுத்த ஓட்டத்திலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். லெஃப்ட் டாக்கிள் ஆண்ட்ரூ தாமஸுக்கு என்எஃப்எல்லில் அதுதான் முதல் ஆட்டம். நிக் கேட்ஸ் அதற்கு முன் சென்டராக இறங்கியதே இல்லை. அந்த வருடம் ப்ரீசீசன் ஆட்டங்கள் ஒன்றுகூட நடக்கவில்லை. சேர்ந்து ஆடியே பார்க்காத ஐந்து பேர், எதிரே கேமரன் ஹேவர்டும் டி.ஜே. வாட்டும்.

தப்பு லைன்மேல்தான் என்று அங்கேயே முடித்துவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அடுத்த வாரம் சிகாகோவில் பார்க்லியின் முழங்கால் ஜவ்வு கிழிந்து, அவருடைய சீசனே முடிந்தது. அவர் இடத்துக்கு வந்த வேன் கால்மன் பெரிய நட்சத்திரம் கிடையாது. அதே ஜயன்ட்ஸ் லைனுக்குப் பின்னால் ஓடி, சீசன் முடிவில் 682 யார்டு எடுத்தார். ஓட்டத்துக்கு 4.6.

இந்த எண்ணை நான் பல நாள் மனதில் போட்டு உருட்டியிருக்கிறேன். இதைப் பார்த்துவிட்டுத் தப்பு பார்க்லிமேல்தான் என்று சொன்னவர்கள் உண்டு. செப்டம்பரில் இருந்த லைனும் டிசம்பரில் இருந்த லைனும் ஒன்றே என்று நினைத்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். லைனில் நின்றவர்கள் வாரா வாரம் சேர்ந்து ஆடி ஒருவரையொருவர் பழகிக்கொண்டார்கள். நடுவில் நவம்பரில் லைன் கோச்சையே மாற்றினார்கள். அதே சமயம் கால்மனுக்கும் உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். அவர் திறந்த சந்தில் தயங்காமல் நுழைந்து, கிடைத்த நாலு யார்டை வாங்கிக்கொண்டு விழுந்தார். பார்க்லிக்கு அந்த வருடங்களில் ஒரு பழக்கம் இருந்தது. நேரே மூன்று யார்டு இருக்கும்போது, ஓரமாகச் சுற்றினால் முப்பது கிடைக்காதா என்று பார்ப்பார். ஜயன்ட்ஸ் ரசிகர்கள் இதைத் திட்டியதில் நியாயம் இருந்தது. லைன் பலவீனமாக இருக்கும்போது அந்தப் பழக்கம் இன்னும் அதிக விலை கேட்கும்.

ஒரே ஆட்டத்தை வைத்து யாரையும் எடை போட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி டெட்ராய்ட் லயன்ஸின் பேரி சாண்டர்ஸ். 1994 சீசனில் 1,883 யார்டு, ஓட்டத்துக்கு 5.7. அந்த வருடம் டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் நடந்த பிளே ஆஃபில் 13 முறை ஓடி, கழித்தல் ஒரு யார்டு, அதாவது மொத்தத்தில் ஒரு யார்டு பின்னோக்கி. அவரும் மாறவில்லை, அவர் முன்னால் நின்ற லைனும் ஒரே நாளில் மாறிவிடவில்லை.

இப்போது பிலடெல்பியாவுக்கு வருவோம். பார்க்லி 2023இல் ஜயன்ட்ஸில் ஓட்டத்துக்கு 3.9 எடுத்தார். 2024இல் ஈகிள்ஸில் 5.8. மொத்தம் 2,005 யார்டு. ஆள் அதேதான், சீருடைதான் வேறு. லைன்தான் எல்லாம் என்று உங்களுக்குத் தோன்றியது இதைப் பார்த்துத்தான், தோன்றியதிலும் தப்பில்லை. ஜோர்டன் மைலாட்டா, லாண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கன்ஸ், மெக்கை பெக்டன், லேன் ஜான்சன். இந்த ஐந்து பேரையும் நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். மைலாட்டா சிட்னியில் ரக்பி ஆடி வளர்ந்தவர். 2018இல் ஈகிள்ஸ் அவரைத் தேர்ந்தெடுக்கும்வரை இந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடியதில்லை. லைன் கோச் ஜெஃப் ஸ்டவுட்லண்டின் கையில்தான் அவர் லெஃப்ட் டாக்கிள் ஆனார்.

ஆனால் பார்க்லிக்கு முன்னால், 2023இல், அந்த இடத்தில் ஓடியவர் டியாண்ட்ரே ஸ்விஃப்ட். ஓட்டத்துக்கு 4.6 எடுத்தார். மறுவருடம் சிகாகோ பேர்ஸுக்குப் போனார். அங்கே லைன் மோசம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் அந்த சீசனில் 68 முறை சாக் ஆனார், அதாவது எறிவதற்கு முன்பே வீழ்த்தப்பட்டார். ஸ்விஃப்டின் சராசரி 3.8க்கு இறங்கியது.

இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல லைனை விட்டு வெளியே போனவருக்கு முக்கால் யார்டு குறைந்தது. அதே லைனுக்கு உள்ளே வந்தவருக்கோ இரண்டு யார்டு கூடியது. ஸ்விஃப்டுக்கு 4.6 கொடுத்த இடத்தில் பார்க்லி 5.8 எடுத்தார். அந்தக் கூடுதல் யார்டில் பெரும்பங்கு பார்க்லியின் காலில் இருந்து வந்தது என்பது என் கணிப்பு. முழுவதும் அவருடையது என்று சொல்ல மாட்டேன். பழைய சென்டர் ஜேசன் கெல்சி ஓய்வு பெற்றார், ஜர்கன்ஸ் கார்டிலிருந்து சென்டருக்கு நகர்ந்தார், பெக்டன் புதிதாக வந்தார். இரண்டு வருடமும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் தானே பந்தோடு ஓடக்கூடியவர். அவரைக் கண்காணிக்க ஒரு டிஃபென்ஸ் ஆள் எப்போதும் கட்டுப்பட்டு நிற்க வேண்டும். யாரும் தொடாமலே ஒரு ஆள் பிளாக் ஆன மாதிரி.

ஃபுட்பால் அவுட்சைடர்ஸ் என்ற குழு இதற்கு ஒரு தோராயக் கணக்கு வைத்திருந்தது. ஓட்டம் பின்னோக்கிப் போனால் 120 சதவீதம் லைன் கணக்கில். நாலு யார்டு வரை முழுப் பொறுப்பும் லைனுக்கு. ஐந்திலிருந்து பத்து வரை பாதி. பத்தைத் தாண்டிய யார்டுகளில் லைனுக்குப் பங்கே இல்லை, அவை ஓடுபவருக்கு. 2024 நவம்பரில் ராம்ஸுக்கு எதிராகப் பார்க்லி 255 யார்டு எடுத்த ராத்திரியில் 70 யார்டில் ஒன்று, 72 யார்டில் ஒன்று என எல்லைக்கோட்டைத் தாண்டி இரண்டு டச்டவுன். முதல் சில யார்டுக்குத்தான் லைன் உடன் வர முடியும். மிச்சத்தை அவர் தனியாக ஓடினார். இந்தக் கணக்கு துல்லியமானது கிடையாது, ஆனால் உங்கள் மகனின் அணிக்கு அப்படியே பொருந்தும். அந்தப் பையன் பந்தை வாங்கிய இடத்திலேயே விழுகிறான் என்றால் கேள்வியை முன்னாலிருந்து தொடங்குவதுதான் நியாயம். என்எஃப்எல்லில் இன்று தோள்பட்டை கவசத்துக்குள் சிப் வைத்து, நொடிக்குப் பத்து முறை 22 பேரின் இடத்தையும் வேகத்தையும் அளக்கிறார்கள். பந்து கைமாறும் கணத்தில் சராசரி ஆளுக்கு எத்தனை யார்டு கிடைத்திருக்கும் என்று கணித்து, ஓடியவர் அதற்குமேல் எவ்வளவு எடுத்தார் என்று பார்க்கிறார்கள். அங்கேகூட ஓடுபவரின் கணக்கு தனியாகப் பிரிகிறதே தவிர, ஐந்து பேரில் யார் தவறினார் என்பது தெரிவதில்லை.

அதற்குக் கண்தான் வேண்டும். ஒரு பிளேயை, அதாவது ஒரே ஒரு முயற்சியை, மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். உங்கள் மகனுக்கும் சென்டருக்கும் நடுவில் ஒரு கனத்த டிஃபென்ஸ் டாக்கிள் நிற்கிறான். அவனை இருவரும் சேர்ந்து முட்ட வேண்டும். அவன் ஓரடி பின்வாங்கியதும், இருவரில் ஒருவர் அவனை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் லைன்பேக்கரை நோக்கிப் போக வேண்டும். எப்போது விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் விட்டால் டாக்கிள் நழுவி உள்ளே வந்துவிடுவான். தாமதித்தால் லைன்பேக்கர் சந்தை அடைத்துவிடுவான். முழுதும் ஒரு விநாடிக்குள் முடிகிற காரியம்.

இங்கேதான் ஓடுபவனும் உள்ளே வருகிறான். லைன்பேக்கரின் கண் எப்போதும் பேக் மேல் இருக்கும். பேக் அரைக்கணம் பொறுத்து, இடது பக்கம் போவதுபோல ஓரடி வைத்தால் லைன்பேக்கரும் இடது பக்கம் சாய்வான், உங்கள் மகன் நேராகப் போய் அவன் மார்பில் தோளைக் கொடுக்கலாம். பேக் பொறுமையிழந்து முதல் அடியிலேயே வலது பக்கம் திரும்பிவிட்டால், லைன்பேக்கரும் கூடவே திரும்புவான். உங்கள் மகன் காற்றை முட்டிக்கொண்டு நிற்பான். கேலரியிலிருந்து பார்த்தால் கார்டு ஆளைக் கோட்டைவிட்டதுபோல இருக்கும். வேலையைச் சரியாகச் செய்தவன் தப்பு செய்தவனாகத் தெரியும் இடம் இதுதான். உங்கள் மகன் "சரியாத்தான் பண்ணேன், ஆனா தெரியல" என்று சொன்னது இப்படி ஒரு பிளேயை மனதில் வைத்தே இருக்கலாம். அந்த ரன்னிங் பேக்கும் ஒரு குழந்தைதான். ஐந்து முறை முதல் அடியிலேயே அடி வாங்கியவன் ஆறாவது முறை பொறுக்க மாட்டான். லைனின் தடுமாற்றம் அவனுக்குத் தொற்றும், அவன் அவசரம் லைனைக் கெடுக்கும். இருவரையும் பார்த்துக் கத்துகிற பெற்றோர்கள் தயவுசெய்து இதை யோசிக்க வேண்டும்.

நீங்கள் எழுதாத சில விஷயங்களைக் கேட்கத் தோன்றுகிறது. போன வருட லைனில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள்? மூன்று பேர் போயிருந்தால், ஓடுபவன் மாறாமல் லைன் மாறிய கதை உங்கள் பள்ளியிலேயே நடந்திருக்கிறது. அந்தப் பையன் ஓய்வெடுக்கும்போது ஓடும் இரண்டாவது பேக்குக்கு எவ்வளவு கிடைக்கிறது? அவனும் அங்கேயே விழுந்தால் ஒரு விடை, ஓரளவு ஓடினால் வேறு விடை. எதிரணி எத்தனை பேரை முன்னால் நிறுத்துகிறது? உங்கள் அணியால் பந்தை எறிந்து ஆட முடியாது என்று தெரிந்து எட்டுப் பேர் முன்னால் வந்து நின்றால், ஐந்து பேரால் எட்டுப் பேரை மறிக்க முடியாது. அப்போது கேள்வி கோச்சிடம் போக வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் நடுக்கோட்டுக்கு நேரே உட்காராதீர்கள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நின்று போனில் எடுங்கள். கோச்சுகள் லைனைப் படிக்க அந்தக் கோணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், சந்து திறப்பதும் மூடுவதும் அங்கிருந்துதான் தெரியும். உங்கள் பள்ளி ஆட்ட வீடியோக்களை ஹட்ல் என்ற வீடியோ தளத்தில் ஏற்றுவதாக இருந்தால் மகனின் கணக்கிலேயே இருக்கும். பிறகு சனிக்கிழமை காலை அவனோடு உட்காருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். யார் ஓடுபவனை முதலில் தொட்டார், பந்து வைத்த கோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு பிளேயிலும் நிறுத்தி, "இதில் உன் ஆள் யார்?" என்று அவனிடம் கேளுங்கள். யாரை முட்டச் சொன்னார்கள் என்று தெரியாமல் எந்த லைன்மேனையும் யாராலும் எடை போட முடியாது. அது அவனுக்குத்தான் தெரியும். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.