பெரியவர்களுக்குப் புலனம் (வாட்ஸ்அப்) எப்படிப் பழகியது?

"தட்டெழுதத் தெரியாத பெரியவர்கள்கூடப் புலனத்தை விடுவதில்லையே, எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முக்கியக் காரணம் குரல்பதிவு. 2013இல் வாட்ஸ்அப்பில் அது வந்தபிறகு தட்டெழுத வேண்டிய கட்டாயமே இல்லை. பினாங்கில் இருக்கும் என் அம்மா காலையில் கைப்பேசியை வாயருகே பிடித்து, "பசியாறிட்டியாப்பா?" என்பார். பின்னால் குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாம் கேட்கும். கோலாலம்பூரில் எல்ஆர்டி ரயிலில் நின்றபடி அதைக் கேட்பேன். கடிதத்தில் இது வருமா?

அப்புறம், கைப்பேசி எண்தான் கணக்கு. தினமும் கடவுச்சொல் போட வேண்டாம். முகநூலில் அம்மா தடுமாறியது அங்கேதான்.

தைப்பூசத்துக்கு யார் பால்குடம் எடுப்பது, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது, எல்லாம் குடும்பக் குழுவில்தான் முடிவாகிறது. போன தடவை சித்தப்பாவின் பதிவு மட்டும் நான்கு நிமிடம். எல்லாரும் முழுசாகக் கேட்டோம்.