தார் சுற்றுகிற கைக்குக் கூலி எங்கே?

கேள்வி: என் கணவர் பருத்திச் சேலை நெய்கிறார். முதலாளி நூல் தருகிறார், சேலைக்கு 700 ரூபாய் கூலி. ஒரு சேலை இறக்க இரண்டு நாள் ஆகிறது. "தறியை வித்துட்டு வேற வேலைக்குப் போங்கப்பா" என்கிறான் மகன். நாங்களே நெய்து நேரடியாக விற்றால் பிழைக்க முடியுமா?
- ஒரு வாசகி, எமனேஸ்வரம்

பதில்: முடியும் தங்கச்சி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும். கடிதம் முழுக்க உங்கள் கணவரின் வேலைதான் இருக்கிறது. உங்கள் வேலை எங்கே? சிட்டா நூலை, அதாவது கட்டாக வரும் நூலைப் பிரித்து, குறுக்கே ஓடும் ஊடை நூலுக்காகச் சின்னக் குழலில் ராட்டை கொண்டு தார் சுற்றுவது யார்? பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், தீர்ந்ததும் புதுப் பாவின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகளைப் பழைய இழையோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பது யார்?

என் அம்மாவும் ராட்டைக்காரிதான். நூல் ஓடி ஓடி ஆள்காட்டி விரலில் கோடு போலப் பள்ளம் விழுந்திருக்கும். சோறு பிசையும்போது அதில் உப்புப் பட்டால் முகம் சுளிப்பார். அவருக்கென்று தனிக் கூலி எந்த வாரமும் வந்ததில்லை.

ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். உங்கள் கணவர் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் தறி மிதித்தால் ஒரு சேலைக்கு 18 மணி. தார் சுற்ற உங்களுக்கு 4 மணி என்று வைப்போம். பாவு பிணைக்க ஒரு பகல், பாவுக்கு எட்டுச் சேலை என்றால், சேலைக்கு இன்னொரு மணி. ஆக 23 மணி. 700 ரூபாயை வகுத்தால் மணிக்கு 30 ரூபாய்தான் நிற்கிறது! உங்கள் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து இந்த நோட்டோடு போய்க் கூலி பேசுங்கள். தனியாகப் போனால் "இஷ்டமில்லைன்னா விட்டுடு" என்பார்கள், எனக்கே சொல்லியிருக்கிறார்கள்.

நேரடி விற்பனைக்கு வருவோம். முதலாளி வேலையை உடனே விட வேண்டாம். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னால் சொந்தமாக ஒரே ஒரு பாவு போடுங்கள். நெசவாளர் அடையாள அட்டை இருந்தால் தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் பருத்திச் சிட்டா நூலுக்கு 15 சதவீத மானியம் உண்டு. நெசவாளர் முத்ரா கடனுக்கு 6 சதவீத வட்டிதான். அந்தப் பணத்தில் முதலில் மோட்டார் ராட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் இருக்கிறது, அது சுற்றட்டும். உங்கள் கைக்கு ஓய்வு கிடைக்கும்.

கடைக்காரருக்கு மட்டும் கடனுக்குக் கொடுக்காதீர்கள். நான் 12 சேலை கொடுத்துவிட்டு ஆறு மாதம் நடையாய் நடந்தேன். விலை வைக்கும்போது நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு என்று எழுதுவீர்கள் அல்லவா? அதற்குக் கீழே 23 மணியையும் எழுதுங்கள். மகனிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள். அவன் கோபம் தறி மேல் இல்லை, கூலி மேல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போனில் படம் எடுத்து விற்க அவனைவிட ஆள் ஏது?

கேள்வி: கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலையை விற்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: 1985-இன் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியிருக்கிறது. அப்படியும் இந்த ஏமாற்று நடக்கிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் சேலையின் இரண்டு கரை ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமலிருக்க, முனையில் ஊசி வைத்த குச்சியைக் குறுக்கே மாட்டுவோம். சில அங்குலம் நெய்ததும் கழற்றி முன்னால் நகர்த்துவோம். அந்த ஊசி குத்திய பொடித் துளைகள் விட்டு விட்டுத் தெரியும். ஒரு முறை துவைத்தால் மூடிக்கொள்ளும்.