சி10 பின்பக்கத்தை 5 அங்குலம் இறக்குவது எப்படி?

கேள்வி: என்னுடையது 1978 ஷெவர்லே சி10 பிக்கப் டிரக், டூ வீல் டிரைவ். முன்பக்கத்தை இறக்கியாகிவிட்டது. பின்பக்கமும் 5 அங்குலம் இறங்க வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைச் (லீஃப் ஸ்பிரிங்) சூடு காட்டி இறக்கலாமா? பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே பிளாக் (உலோகக் கட்டை) வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சூடு பட்டால் எஃகின் பதம் போய்விடும். பட்டை நாளுக்கு நாள் தொய்ந்து, ஓட்டத்திலேயே முறியலாம். பிளாக்கின் சிக்கல் வேறு. 1973 முதல் 1987 வரை வந்த சி10-ல் பட்டைக்கட்டு ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இடையில் பிளாக் செருகினால் வண்டி இறங்காது, உயரும்.

2 அங்குலம் போதுமென்றால் பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமானதாக மாட்டினால் முடிந்தது. 5 அங்குலத்துக்கு ஃபிளிப் கிட்தான் சரி. ஆக்சிலைத் தூக்கிப் பட்டைக்கு மேலே உட்கார வைப்பதால் ஏறக்குறைய 5 முதல் 6 அங்குலம் இறங்கும். பட்டையின் விறைப்பு மாறாது.

கழற்றும்போது பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைக் கவனியுங்கள். இப்போது அதன் தலை கீழே பார்த்து ஆக்சில் மேடையின் (பட்டை உட்காரும் தட்டு) துளையில் உட்கார்ந்திருக்கும். ஃபிளிப் செய்த பிறகு தலை மேலே வர வேண்டும். திருப்புமுன் கட்டின் இருபுறமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், இல்லையேல் பட்டைகள் தெறித்து விரியும். ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகள் புதிதாகவே இருக்கட்டும். ஒருமுறை இழுபட்டவை பழைய பிடிப்பைத் தராது.

பலர் கோட்டைவிடுவது அடுத்த வேலையில்தான். ஆக்சில் மேலே போனதும் அதற்கும் சேசிஸுக்கும் நடுவே இடமே மிஞ்சாது. முதல் பள்ளத்திலேயே ஆக்சில் குழாய் சேசிஸில் மோதும். அந்த இடத்தில் சேசிஸை அரைவட்டமாக வெட்டி, வெட்டிய இடத்தைப் பலப்படுத்தும் சி-நாட்ச் தகடு பொருத்தாமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். ஒரு பக்கத்தை வெட்டித் தகட்டைப் பொருத்தி முடித்த பிறகே மறுபக்கம் கை வையுங்கள். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் சேசிஸுக்கு வெளியே பக்கவாட்டில் தொங்குகிறது. கிரைண்டர் பொறி பறக்கும் முன் டேங்கைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள், பிரேக் குழாயையும் வயரையும் விலக்கிக் கட்டுங்கள்.

பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் முன் தண்டு) கோணம் பார்க்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு எடுத்த அளவு பயன்படாது. கியர்பாக்ஸ் வெளித்தண்டுக்குப் பினியன் இணையாக வரும் நிலையிலிருந்து அதன் மூக்கு 1 முதல் 2 டிகிரி கீழே சாயட்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பட்டை முறுக்கிப் பினியனை மேலே தூக்கும், அதற்கான விட்டுக்கொடுப்பு இது. கோணம் தவறினால் குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வரும், யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஆக்சிலில் வெல்டிங் செய்யும் மேடை உள்ள கிட் என்றால் கோணம் சரியான பிறகு புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, மறுபடி அளந்து, சிறு சிறு துண்டாக விட்டு விட்டு முடியுங்கள். ஒரே மூச்சில் போட்டால் ஆக்சில் குழாய் வளையும்.

பழைய ஷாக் அப்சார்பர் இனி நீளம் அதிகம், அடிதட்டி உடையும். இறக்கிய உயரத்துக்கு ஏற்ற குட்டை ஷாக் வாங்குங்கள். எல்லாம் முடிந்ததும் டிரைவ் ஷாஃப்ட் சுமைப் பெட்டியின் அடியில் எங்கும் உரசுகிறதா என்று சக்கரத்தை முழுக்க மேலே தூக்கிப் பாருங்கள். 100 மைல் ஓடிய பிறகு யூ போல்ட் நட்டுகளைக் கிட் தாளில் உள்ள அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். இனி கனத்த சுமை ஏற்றாதீர்கள்: பட்டை தாங்கும், ஆனால் ஆக்சில் மேலெழும்ப இடம் பாதிகூட இருக்காது.