அப்பாவின் கணக்கை ரொறன்ரோவிலிருந்து திறக்க முயல வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கனடாவுக்கு வந்து எட்டு மாதங்களில் கிளிநொச்சி வட்டக்கச்சியில் அப்பா காலமாகி, செத்தவீட்டுக்கும் போக முடியாமல் இங்கே இருந்துவிட்டீர்கள். காணி உத்தரவுப்பத்திரத்தின் படம், வயல் வரவு செலவுக் கணக்கு, அக்காவின் திருமணப் படங்கள் எல்லாம் அவருடைய கூகிள் கணக்கில் இருக்கின்றன. கடவுச்சொல் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இங்கிருந்து இரவிரவாக முயன்றதில் கணக்கு பூட்டிக்கொண்டுவிட்டது. மரணச் சான்றிதழை அனுப்பினால் கூகிள் கடவுச்சொல்லைத் தருமா என்று கேட்கிறீர்கள்.

தராது. எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் இறந்தவரின் கடவுச்சொல்லைத் தருவதில்லை என்பது அவர்களுடைய வெளிப்படையான கொள்கை. ஆனால் வழி இருக்கிறது. அந்த வழி பெரும்பாலும் உங்கள் வட்டக்கச்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். முரசுமோட்டையில் என் அண்ணா இறந்தபோது, ஸ்காபரோவில் வேலை முடிந்து வந்து, நினைவில் வந்த பெயரையும் பிறந்த ஆண்டையும் வாகன இலக்கத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வன்னியில் ஒரே கைத்தொலைபேசியில் பல ஆண்டுகளாகத் திறக்கப்பட்டு வந்த கணக்கை, அறிமுகமில்லாத ஒரு கணினி கடல் கடந்த நாட்டிலிருந்து தட்டினால் அது கள்வனாகத்தான் கணிக்கப்படும் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. கணக்கை மீட்க முனைபவர்கள் வழமையாகப் பயன்படுத்திய கருவியிலிருந்தும் வழமையான இடத்திலிருந்தும் முயல வேண்டும் என்று கூகிளே சொல்கிறது. ஆகவே இன்றோடு நிறுத்துங்கள். சில நாட்கள் ஒருவரும் தொடாமல் விட்டால், பிறகு அக்கா அப்பாவின் தொலைபேசியிலேயே, அந்த வீட்டிலிருந்தே முயலலாம்.

அதற்கு முன் செய்யவேண்டிய அவசர வேலை சிம் அட்டை பற்றியது. கணக்கை மீட்கும்போது கேட்கப்படும் உறுதிப்படுத்தல் குறியீடு பெரும்பாலும் அந்த இலக்கத்துக்குத்தான் வரும். அப்பாவின் இலக்கத்துக்கு அக்கா இன்றைக்கே ரீலோட் செய்யட்டும். என் அண்ணி அந்தியேட்டி முடிந்ததும் அண்ணாவின் தொலைபேசியை அணைத்து அலுமாரியில் வைத்துவிட்டார். முற்கட்டண இலக்கம் நெடுங்காலம் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பல மாதங்கள் கழித்து நான் அந்த இலக்கத்தை அழைத்தபோது யாரோ ஒரு பெண் எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டார். அண்ணாவின் கணக்குக்கு வரவேண்டிய உறுதிப்படுத்தல் குறியீடு அதன்பின் எங்களுக்கு வரவே இல்லை. இலக்கத்தைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பினால், மரணச் சான்றிதழோடு அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் கிளிநொச்சிக் கிளைக்குப் போய், அம்மாவின் பெயருக்கு மாற்றும் முறையைக் கேட்கச் சொல்லுங்கள்.

தொலைபேசியை அணையவும் விட வேண்டாம். ஒருமுறை அணைந்து எழும்பினால், வீட்டில் வேறு எவருடைய விரல் அடையாளம் அதில் பதியப்பட்டிருந்தாலும் செல்லாது, இலக்கப் பூட்டைத்தான் கேட்கும். அந்தப் பூட்டு தெரியாவிட்டாலும் சிம்மைக் கழற்றி அக்காவின் தொலைபேசியில் போட்டால், சிம்முக்கென்று தனிப் பூட்டு போடப்படாதவரை, குறியீடு குறுஞ்செய்தியாக அங்கே வந்து சேரும். தொலைபேசி திறக்குமாயின் உங்களுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாமலும் போகலாம். கணக்கு அதில் ஏற்கெனவே திறந்தபடிதான் இருக்கும். படங்களையும் பத்திரங்களையும் முதலில் வேறோர் இடத்தில் பிரதியெடுத்துவிட்டு மற்றவற்றை யோசியுங்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் யார்? எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் தாங்களாகக் கணக்குத் திறப்பது அரிது. தொலைபேசி வாங்கிய கடைப் பையனோ, பக்கத்து வளவு மருமகனோதான் திறந்து கொடுத்திருப்பார். மீட்பு மின்னஞ்சலாகத் தன்னுடையதையே போட்டிருப்பார். பிறந்த திகதியையும் வாய்க்கு வந்தபடி கொடுத்திருப்பார். அந்த ஆளைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கடவுச்சொல்லும் பெரும்பாலும் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கும். சுவர் நாட்காட்டியின் பின்புறம், தொலைபேசி வந்த பெட்டி, கமக்காரர் அமைப்பின் பற்றுச்சீட்டுக் கட்டு, உர மானியத் தாள்கள் ஆகியவற்றை அக்கா பொறுமையாகப் பார்க்கட்டும். 2009 வரையான போரில் வீட்டுப் பத்திரங்களை உரப்பையில் சுற்றிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் அதையும் இழந்து செட்டிகுளம் முகாமுக்கு வந்த தலைமுறை அது. கையில் கிடைத்த ஒவ்வொரு கடதாசியையும் படம் பிடித்து வைத்த மனிதர், கடவுச்சொல்லை மட்டும் மனதில் வைத்திருந்தார் என்று நான் நம்பமாட்டேன்.

குறியீடு வரும் நேரத்தில் நீங்களும் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கலாம். கோடைகாலத்தில் இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே மறுநாள் காலை 6.30. ஆனால் குறியீட்டை அக்காவே அங்கே இடட்டும். உங்களுக்கு வாசித்துக் காட்டி நீங்கள் இங்கே இட்டால் பழையபடி பூட்டிக்கொள்ளக்கூடும். குறியீட்டைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் சொல்லிவிடும் பழக்கம் அக்காவுக்கு வராமலிருப்பதும் நல்லது.

இவை ஒன்றும் பலிக்காவிட்டால் கூகிளின் முறையான விண்ணப்பம் இருக்கிறது. இறந்தவரின் கணக்கை மூடும்படியோ, அதிலுள்ளவற்றைத் தரும்படியோ உறவினர் கேட்கலாம். உங்கள் அடையாள அட்டையும் மரணச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். உள்ளடக்கத்தைக் கேட்பவர்களிடம் அமெரிக்க நீதிமன்றக் கட்டளையும் கேட்கப்படலாம் என்பதால், சில படங்களுக்காக அந்தச் செலவுக்குள் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கால எல்லை ஒன்று உண்டு: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற கொள்கையைக் கூகிள் 2023இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அப்பா பேஸ்புக்கில் இருந்தவரானால், வெளிநாட்டு உறவினர் எவரும் அவசரப்பட்டு அதை நினைவுக் கணக்காக மாற்றக் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிவிட்டால் கடவுச்சொல் கிடைத்தாலும் ஒருவரும் உள்ளே போக முடியாது. வங்கிச் செயலியை மட்டும், திறக்க முடிந்தாலும், தொடவே வேண்டாம். இறந்தவரின் பணத்தை அவருடைய பெயரில் நுழைந்து எடுப்பது பின்னர் அம்மாவுக்குத்தான் வில்லங்கமாக வரும். அது வங்கிக் கிளையில் பத்திரங்களோடு பேசவேண்டிய காரியம்.

காணி உத்தரவுப்பத்திரத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படுவது தெரிகிறது. தொலைபேசியில் இருப்பது படம்தான். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரமானால், அதன் பதிவேடு உங்கள் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் இருக்கும். அப்பா பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பின் காணிக்கு உரியவராக, யாரை நியமித்தார் என்பதும் அதில் பதியப்பட்டிருக்கும். கணக்குத் திறக்கும்வரை காத்திராமல், அம்மாவும் அக்காவும் கிராம அலுவலரைக் கண்டு, மரணச் சான்றிதழோடு அங்கே போகட்டும்.

கடைசியாக அப்பாவின் பழைய மடிக்கணினி. விண்டோஸ் கடவுச்சொல் மட்டும் போடப்பட்ட பழைய கணினியானால், வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் பிரதியெடுத்துவிடலாம். தட்டு பிற்லொக்கர் என்ற விண்டோஸின் குறியாக்கப் பூட்டால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எவராலும் வாசிக்க முடியாது. அந்தச் சாவி பெரும்பாலும் அப்பாவின் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும், அதைத் திறக்கவும் மறுபடி அந்தச் சிம் தேவைப்படக்கூடும். கிளிநொச்சியில் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனால், கோப்புகள் வேண்டும், கணினி வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்று அக்கா முதலிலேயே தெளிவாகச் சொல்லட்டும். இல்லாவிட்டால் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து, நன்றாக வேலை செய்கிறது என்று சிரித்த முகத்தோடு திருப்பித் தந்துவிடுவார்கள்.